சிவகாசி அட்டை

தனியாகத் தொழில் செய்கிறவன் விசிட்டிங் கார்டில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. சட்டை கசங்கியிருக்கலாம், வண்டி உதைத்து உதைத்துக் கிளம்பலாம், கார்டு மட்டும் கையில் வாங்கியதும் கனக்க வேண்டும். என்னுடையது சிவகாசியில் மாமாவின் அச்சகத்தில் அடித்தது. மடித்து எங்கே செருகினாலும் விறைப்பாக நிற்கும். ‘பூபதி, வெப் டிசைனர், ஓசூர்’ என்று நீல எழுத்து, அதன் கீழே செல் நம்பர். அதை வாங்கிய யாரும் தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் எப்படி நிலைத்தாய் என்று கேட்கிறீர்கள். ஒளிக்க ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் சொல்கிறேன். அப்பா என்னையும் ஃபேக்டரியில் சேர்த்துவிடத்தான் பார்த்தார். எனக்குச் சங்கு ஊதினால் எழுந்து ஓடுகிற உடம்பு வாய்க்கவில்லை. 2006 வாக்கில் ஓசூரில் ஒரே ஒரு லேத் மெஷின் வைத்திருந்தவருக்கும்கூட வெப்சைட் ஆசை வந்துவிட்டது. இந்த முதலாளிகள் தெலுங்கில் நலம் விசாரிப்பார்கள், கன்னடத்தில் பேரம் பேசுவார்கள், தமிழில் கோபித்துக்கொள்வார்கள். முகப்பில் வெங்கடாசலபதி வேண்டும், பல்சக்கரம் சுற்ற வேண்டும், திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும். நான் எதற்கும் இல்லை என்றதில்லை. பெருமாளை ஓரமாக நிற்க வைத்துவிட்டு, நடுவில் மட்டும் என் இஷ்டப்படி ஒன்று வைப்பேன். சிரிக்கிற ஒரு தொழிலாளியின் முகம். வெளிநாட்டுக்காரன் மெஷினைப் பார்த்து மயங்குவதில்லை, முகத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறான்.

அப்படி நான் எடுத்ததிலேயே சிறந்த முகம் நிர்மலாவுடையது. ராயக்கோட்டை ரோட்டில் நாராயணப்பனின் பிரஸ் பட்டறையில் வேலை செய்தாள். உத்தனப்பள்ளிப் பெண். அவள் வீட்டில் தலைமுறையாகப் பிறத்தியார் காட்டில் கூலி வேலை. மெஷின் முன்னால் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். அதில் அவளுக்கு இருந்த பெருமை அப்படியே கண்ணில் தெரியும்.

பிரஸ் என்றால், மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் மெஷின். ஆளுக்கு முன்னால் இடமும் வலமுமாக இரண்டு பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கடியில் கை போக வழியில்லை. எளிமையான ஏற்பாடு. நல்ல டிசைன் என்று மனதுக்குள் பாராட்டினேன்.

நிர்மலாவைச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். படம் எடுப்பதற்கு முன்னால் ஆளைக் கவனிப்பது என் பழக்கம். இடது கை தகட்டைச் சரியாகப் பொருத்திக்கொண்டிருக்கும்போதே அவளுடைய வலது கை முந்திக்கொண்டு போய் வலப் பட்டனை அழுத்திக் காத்திருக்கும். இடது கை வேலை முடித்துத் தன் பட்டனுக்கு வந்த பிறகு அச்சு இறங்கும். அந்த அவசரக் கையை மெஷின் தினமும் மன்னித்துக்கொண்டிருந்தது.

எனக்கு வேண்டிய படம் வேறு. அச்சு இறங்கும் நேரத்தில் இடது கையில் முடிந்த பாகத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் சிரிக்க வேண்டும். அதற்கு இடப் பட்டன் தானாக அழுந்தியிருக்க வேண்டும். ஒரு கார்டை எடுத்து மடித்துப் பட்டனுக்கும் அதைச் சுற்றியிருந்த வளையத்துக்கும் நடுவே செருகினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, பட்டன் அழுந்தியபடியே நின்றது.

“அண்ணா, அதுல ஒண்ணும் வெக்கக் கூடாதுண்ணா. கோவிந்தப்பன் சார் பாத்தா வேலைய வுட்டே அனுப்பிடுவாரு.”

“ஒரு நிமிஷம்மா. சூப்பர்வைசர் கேட்டா நான் சொல்லிக்கறேன்.”

படம் பிரமாதமாக வந்தது. உடனே சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழுந்து நின்று, “எடுத்துட்டீங்களாண்ணா?” என்று கேட்டாள். நான் கேமராத் திரையில் அவள் சிரிப்பைப் பார்த்தபடி, “எடுத்துட்டேம்மா” என்றேன். கார்டை எடுக்கத்தான் போகிறேன் என்ற எண்ணத்தில் சொன்னது.

அங்கிருந்து கிளம்பி நின்ற உத்தனப்பள்ளி டீக்கடையில் கிரானைட் குவாரிக்காரர் ஒருவர் பழக்கமானார். கார்டு கொடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டபோதுதான் பட்டனில் இருந்த கார்டு நினைவுக்கு வந்தது. கையில் செல் இருந்தது, டவர் இருந்தது. பட்டறையில் இன்னும் சாப்பாட்டு நேரம் முடியவில்லை. கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் நாராயணப்பன் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் என்னை எல்லா முதலாளிகளுக்கும் அறிமுகம் செய்வதாகச் சொல்லியிருந்தார். மெஷினில் குப்பையை விட்டுவிட்டு வருகிறவன் என்று அவர் நினைத்தால் நன்றாகவா இருக்கும்? அதோடு குவாரிக்காரர் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், நடுவில் எழுந்தால் மரியாதையில்லை. நிர்மலாவின் அந்த அவசர வலது கையும் நினைவுக்கு வரத்தான் செய்தது. இன்னொரு டீ சொன்னேன்.

நாராயணப்பனே கூப்பிட்டார். “ஏம்ப்பா பூபதி, கேமராவ எடுத்துக்கினு உடனே வாப்பா. அந்தப் பொண்ணு நிர்மலாவுக்குக் கை போயிடுச்சு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள மெஷின போட்டோ புடிச்சு வெக்கணும்.”

கூப்பிட்டால் ஓடிப்போய் நிற்க வேண்டும், அதுவும் தொழில் ரகசியம்தான். நான் போனபோது அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லாரும் வாசலில் நின்றார்கள், மெஷின் பக்கம் யாரும் வரவில்லை. கார்டு வைத்த இடத்திலேயே இருந்தது. எண்ணெய் பட்டும் நீல எழுத்து கொஞ்சமும் கலையவில்லை. மாமாவின் அச்சு அப்படி. அதை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவள் இருக்கைக்கு அடியில் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து அதே மாதிரி மடித்துச் செருகிவிட்டு, வெளிச்சம் பார்த்து நாலு கோணத்தில் படம் எடுத்தேன். வெறும் பட்டனைப் படம் எடுத்தால் என்ன நடந்தது என்று யாருக்கும் புரியாதே.

விசாரணையில் பாதியை நானே முன்வந்து சொன்னேன். படத்துக்காகக் கார்டு வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன். எடுத்தேனா என்று அவளே கேட்டாள், எடுத்தேன் என்று சொன்னேன். அவளும் ஆமாம் என்றாள். வேகமாக அடிக்க அவளே லேபிளைச் செருகிக்கொண்டாள் என்று எழுதி முடித்தார்கள். விதியை மீறியவளுக்கு நஷ்டஈடு இல்லை, கை போனவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கிற ஸ்டோர் ரூம் வேலையும் இல்லை. படத்தில் இடப் பட்டன் தெரிந்த ஓரத்தை மட்டும் நான் வெட்டிவிட்டேன், அதனால் படம் இன்னும் அழகாகிவிட்டது. வெப்சைட் முகப்பில் இன்றைக்கும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசினார்கள்.

போன மாதம் நிர்மலா என் ஆபீசுக்கு வந்தாள். முந்தானையை இடது கை தெரியாமல் இழுத்துச் செருகியிருந்தாள்.

“நீங்க எடுத்துட்டேன்னு சொன்னீங்க, அத நான் நம்புறண்ணா. ஆனா லேபிள நான் வெக்கலியே. எங்க வூட்டுக்காரரே நம்ப மாட்டேங்குறாரு. கண்ண மூடுனா அதே யோசனையா இருக்குது. நீங்க சொல்லுங்க, நான் வெச்சிருப்பனா?”

எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. “வேலை மும்முரத்துல வெச்சிட்டு மறந்திருப்பம்மா. மறதி யாருக்குத்தான் இல்ல?” என்று ஆறுதலாகச் சொன்னேன்.

அவள் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “இருக்கும் போலண்ணா” என்றாள். முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. ஒரு பாரத்தை இறக்கி வைத்த திருப்தி எனக்கு.

கிளம்பும்போது, என்ன உதவி வேண்டுமானாலும் கூப்பிடு என்று என் கார்டைக் கொடுத்தேன். வலது கையால் வாங்கி, விரலால் அதன் கனத்தைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கி எறியவில்லை.