இஸ்திரி போடும் உள்ளான்

ஹலோ... ஹலோ, கேக்குதா? ... நான்தாங்க. வேற யாரு? ... சாப்பிட்டாச்சு, சாப்பிட்டாச்சு. இல்ல, இன்னும் சாப்பிடல, தட்டுல போட்டதை அப்படியே வெச்சுட்டு எழுந்து வந்துட்டேன்... மாடிப்படிக்குக் கீழ நிக்கிறேன், துணி துவைக்கிற மிஷின் பக்கத்துல. ஹோட்டல் துண்டெல்லாம் உள்ள சுத்திட்டிருக்கு. அதான் கத்திப் பேசறேன்.

கால் எப்படி இருக்கு? ... தலகாணி மேல தூக்கி வெச்சிருக்கீங்களா? ... ஒண்ணு போதாது, ரெண்டு வைங்க. உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, பீரோ மேல இருக்கு. ... அரிச்சா அரிக்கட்டும், மாவுக்கட்டுக்குள்ள ஸ்கேலை விட்டுச் சொறியாதீங்க. அது என் தையல்கடை ஸ்கேல். ... ஏங்க, ஸ்டூல் மேல ஏறி ஜன்னல் வழியா மைனாவை எட்டிப் பாத்துட்டு விழுந்த மனுஷன், கோவப்படறதுக்கு உங்களுக்கு உரிமையே இல்ல.

என்னென்ன பாத்தேனா? ... சொல்றேன், சொல்றேன். கூழைக்கடா பதினாலு... ஆமா, எண்ணுனேன், பட்டன் எண்ணுற மாதிரி ஒவ்வொண்ணா. பூநாரை... அது எண்ண முடியல. துணியா இருந்தா நாலு கட்டு வரும், அவ்வளவு ரோஸ் கலர். ஆலா, கடற்காகம். பவளக்காலின்னு ஒண்ணு, பேருக்கேத்த மாதிரி காலு செவப்பு, பரவால்ல. ... பைனாகுலரா? இன்னிக்கு நேராத்தான் பிடிச்சேன். நேத்து திருப்பிப் பிடிச்சு, கொக்கெல்லாம் கொசு சைஸ்ல இருக்கேன்னு கேட்டது நேத்தோட முடிஞ்சுது. அதை மறுபடி எடுக்காதீங்க.

சிரிச்சாச்சா? ... சரி, இப்ப கேளுங்க. எனக்கு நேரமில்ல. உள்ள கை தூக்குறது நடக்குது. நீங்க சொன்னப்ப நான் நம்பவே இல்ல, நரைச்ச தலையா பதினெட்டு பேரு டைனிங் ஹால்ல உக்காந்து ஸ்கூல் புள்ளைங்க மாதிரி கை தூக்குவாங்கன்னு. வழிகாட்டி ஒவ்வொரு பறவை பேரா வாசிக்கிறாரு, பாத்தவங்க தூக்குறாங்க. ரெண்டு கை எழும்புனா பேனாவுல டிக்கு. ஒத்தைக் கைன்னா பென்சில்ல ஒரு கேள்விக்குறி, அடுத்த பேரு. ... ஆமா, அதே ரூல்தான், மாறல. இப்ப வாத்து ஓடுது. வாத்துக்கு அப்புறம் கொக்கு, கொக்குக்கு அப்புறம் உள்ளான். உள்ளான் வர்றதுக்குள்ள நான் உள்ள போயாகணும்.

விஷயம் என்னன்னா... இருங்க. அதுக்கு முன்னாடி ஒரு கண்டிஷன். நீங்க வாயத் திறக்கக் கூடாது. ... இப்பவே திறந்துட்டீங்க. ... ஆமா, 'சரி'ன்னு சொல்றதும் பேச்சுதான்.

பதினோரு வருஷம் முந்தி இதே கடற்கரைக்கு நீங்க தனியா வந்தீங்கல்ல... ம். அதேதான். அந்தக் கரண்டிமூக்கு உள்ளான்தான், நீங்க பாத்தேன்னு சொல்லி ஒருத்தரும் நம்பாததுதான். ... ஏங்க! பேசாதீங்கன்னேன்ல? நான் பாத்ததை முதல்ல நான் சொல்லிடறேன். நீங்க பாத்ததை அப்புறம் நீங்க சொல்லுங்க. நீங்க முந்திக்கிட்டா, புருஷன் சொல்லிக் குடுத்ததைப் பொண்டாட்டி ஒப்பிக்கிறாள்னு அந்த நெட்டைக்காலு சொல்லிடுவாரு. ... அவருதான், உங்க பறவைச் சங்கத்துச் செயலாளர். இந்த டூருக்கும் அவருதானே வழிகாட்டி. அன்னிக்கு உங்க பேருக்கு நேரா இருந்த அந்தப் பறவையைச் செவப்பு மையில கோடு போட்டு அடிச்ச அதே கை, இன்னிக்கு எனக்கு ரொட்டித் தட்டை நகத்திக் குடுக்குது.

கேளுங்க. காலையில தண்ணி வத்திப்போயி ஒரே சேறு. அந்தக் கோடிக்கு பூநாரை வந்திருக்குன்னதும் எல்லாரும் டெலஸ்கோப்பைத் தூக்கிட்டு ஓடிட்டாங்க. எங்ககூட வந்த பல் டாக்டரம்மா பையோட வாரு பிஞ்சுபோச்சு, பாவம், பையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. குடுத்துட்டுப் போங்கம்மா, நான் தெச்சு வைக்கிறேன்னேன். கவுத்துப் போட்ட படகு மேல உக்காந்து ஊசில நூல் கோத்துட்டு நிமிர்றேன்... எனக்கு எதிர்ல நிக்குது. ரெண்டு கட்டிங் டேபிள் தூரம் இருக்கும், அவ்வளவுதான்.

குருவி சைஸ். மூஞ்சியும் கழுத்தும் செங்கல் கலர், ரெண்டு தண்ணி பாத்த செங்கல். கால் கறுப்பு. முதுகுல ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் கலர்ல பைப்பிங் வெச்சிருக்கு, ஒரு இடத்துல பிசிறு இல்ல. மூக்கு... இருங்க, மிஷின் நின்னுடுச்சு. மெதுவாப் பேசறேன்.

மூக்கு நுனியில அகலம். ... மூச்சு விடுற சத்தம் கேக்குது, அதையும் குறைங்க. ... தட்டையா, அகலமா, சின்னப் புள்ளைக்கு மருந்து குடுக்கிற கரண்டி இருக்குல்ல, அந்த மாதிரி. பக்கத்துல மத்ததெல்லாம் தையல் மிஷின் ஊசி மாதிரி மேலயும் கீழயும் குத்திட்டிருக்கு. இது மட்டும் குத்தல. இந்தப் பக்கம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம் அந்தப் பக்கம், சேத்தை இஸ்திரி போடுது. நின்னு நிதானமா.

... ஏங்க? ... லைன்ல இருக்கீங்களா? ... அழறீங்களா? ... சளியா? சரி, சளி.

அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் வராததுமா, என்னை எழுப்பி உக்கார வெச்சு, போர்வை மேல கையை இப்படி அப்படி ஓட்டிக் காமிச்சீங்க. நான் என்ன சொன்னேன்? போர்வையைக் கசக்காதீங்கன்னு சொன்னேன். காலையில பார்த்தவுடனே அந்தக் கைதான் ஞாபகம் வந்துச்சு.

இல்ல, சொல்ல விடுங்க. சங்கத்துக்காரங்க ஒரு வருஷம் சிரிச்சாங்க. நான் பதினோரு வருஷம் சிரிச்சேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அடுப்படியிலேர்ந்து கரண்டியை எடுத்துட்டு வந்து, இவரு பாத்த பறவை இதுதான்னு காட்டினது நான்தான். உங்க அக்கா மாப்பிள்ளை முன்னாடி கூட. ... நீங்களும்தான் சிரிச்சீங்க, ஆனா அன்னிக்கு நீங்க சாப்பிடாம எழுந்து போனீங்க. நான் பாத்தேன். பாத்துட்டும் கரண்டியை உள்ள வைக்கல. தப்புங்க. ... பரவால்லன்னு சொல்லாதீங்க, பரவால்லாம இல்ல. தப்புன்னா தப்பு.

... போட்டோவா? ... கேளுங்க, கேளுங்க, உங்களுக்கு அந்த உரிமை இருக்கு. கேமராவைக் கழுத்துல மாட்டிட்டுப் போயி ஒரு போட்டோ எடுக்கத் துப்பில்லையான்னு எத்தனை தடவை கேட்டிருப்பேன்! ... நூறா? எண்ணுனீங்களா? ... போன் மடியிலயே கிடந்துச்சுங்க. எடுக்கணும்னு தோணவே இல்ல. வாயப் பொளந்து பாத்துட்டே இருந்தேன். அப்புறம் சந்தோஷத்துல, "எங்க வீட்டுக்காரரு பறவை!"ன்னு கத்திட்டேன். பறந்துடுச்சு. பூநாரையும் சேந்து பறந்துடுச்சு. பதினேழு பேரு என்னைத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே... தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்னு சும்மாவா சொன்னாங்க.

நெட்டைக்காலா? அவரு கேட்டாரு, எல்லாத்தையும் பொறுமையா கேட்டாரு. கேட்டுட்டு, "அம்மா, சாதா உள்ளான்தான் அது, மூக்கு நுனியில சேறு உருண்டை ஒட்டியிருக்கும், அகலமாத் தெரியும்"ங்கிறாரு. ... உங்ககிட்டயும் அதேதான் சொன்னாரா? ... பதினோரு வருஷமா அதே சேறா? ... நான் சொன்னேன், ஐயா, கறை எது தையல் எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாமலா இருபத்தெட்டு வருஷமா தையல்கடை வெச்சிருக்கேன்னு. சிரிச்சாரு. பல் டாக்டரம்மாவும் சிரிச்சாங்க, அதுவும் நான் தெச்சுக் குடுத்த பையை மாட்டிக்கிட்டே.

சரி. இப்ப உங்க முறை. நீங்க என்ன பாத்தீங்க? ... ம்... ம்... ஆமா... செங்கல், ஆமா... ஆமாங்க... பக்கவாட்டுல, ஆமா... ம்...

... என்னது? ... திருப்பிச் சொல்லுங்க. ... பறக்கிறதுக்கு முன்னாடியா?

... அதை நான் சொல்லவே இல்லையே.

ஆமாங்க! அலசுச்சு! பக்கத்துல ஒரு குழியில கொஞ்சம் தண்ணி நின்னுச்சு, அதுல மூக்கை விட்டு அலசுச்சு. ரெண்டு தடவை. நான் அதை ஒரு பொருட்டாவே நினைக்கல, கை கழுவுற மாதிரின்னு விட்டுட்டேன். ... மூக்கு அப்படியேதான் இருந்துச்சு! தண்ணி சொட்டிட்டு, பளபளன்னு, கரண்டி கரண்டியாவே இருந்துச்சு. சேறுன்னா அலசுனதும் போயிருக்கணும்ல? ... போயிருக்கணும்ல? ... இதை ஏங்க நீங்க அன்னிக்கே அவருகிட்ட சொல்லல? ... பேச விடலையா. ... சேறுன்னு சொன்னதும் எல்லாரும் சிரிச்சுட்டாங்களா. ... ம். ... என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. ... ஆமா, ஆமா, என்கிட்ட எங்க சொல்றது, நான் போர்வையைப் பாத்துட்டிருந்தேன்.

விட்டுடவா? எதை விடறது? ... சிரிக்கட்டும். ... இங்க பாருங்க, அந்தக் கோடு போட்டதுலேர்ந்து நீங்க அவங்க பக்கமே போகல. ஞாயித்துக்கிழமை தனியாப் போயி தனியா வர்றீங்க. பதினோரு வருஷம் கழிச்சு இந்தத் தடவைதான் மனசு வந்து பேர் குடுத்தீங்க, அதுக்குள்ள மைனா ஸ்டூல்லேர்ந்து தள்ளிவிட்டுடுச்சு. உங்க இடத்துல நான் வந்திருக்கேன்ல? வந்த வேலையை முடிக்காம வர மாட்டேன். என் வழக்கம் உங்களுக்குத் தெரியும், வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு.

இருங்க, கண்ணாடிக் கதவு வழியா டாக்டரம்மா கையாட்டுறாங்க. உள்ளான் ஆரம்பிச்சாச்சு போல. ... போனை வைக்கல, கையிலயேதான் இருக்கு. உள்ள போறேன். ... ஸ்பீக்கர்ல போட மாட்டேன், பயப்படாதீங்க.

... ம், பவளக்காலி. எல்லாரும் தூக்கியாச்சு. ... கல்திருப்பி உள்ளான். ஏழெட்டுக் கை. ... அது நான் பாக்கல, தூக்கல. பாக்காததுக்குத் தூக்க மாட்டேன். ... 

... முடிஞ்சுது. லிஸ்டுல இல்லாதது வேற ஏதாவது இருக்கான்னு கேக்குறாரு. என்னைப் பாக்காமக் கேக்குறாரு.

"இருக்குங்க. கரண்டிமூக்கு உள்ளான்."

... சொல்லிட்டேன். யாரோ இருமுறாங்க. ... இல்ல, சிரிக்கல. "மூக்கைத் தண்ணியில ரெண்டு தடவை அலசுச்சுங்க. அலசுன அப்புறமும் கரண்டி அப்படியே இருந்துச்சு. எங்க வீட்டுக்காரரு பாத்ததும் அதேதான், இப்பத்தான் சொன்னாரு. நான் சொல்லிக் குடுக்காமலே சொன்னாரு."

... நெட்டைக்காலு மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறாரு. ... இன்னும் துடைக்கிறாரு. ... பேனாவையும் பென்சிலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்காரு. எதை எடுக்கிறதுன்னு தெரியல அவருக்கு.

யார் யார் பாத்ததுன்னு கேக்குறாரு. கை தூக்கச் சொல்றாரு.

ஏங்க, ஒடைஞ்சது காலுதானே உங்களுக்கு? கை நல்லாத்தானே இருக்கு? ... கேட்டேன், சும்மா. ... இல்ல, கோவம் இல்ல. கட் பண்றேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க, வெச்சுத்தான் ஆகணும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உங்களுக்கு. போனைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கையும் தூக்க முடியாது.