தண்டனைப் பெட்டியின் கதவு

என் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் எல்லாம் இந்த விசாரணை வாக்குமூலத்தின் முதல் தாளில் எழுதிக்கொள்ளப்பட்டன. வயது நாற்பத்தொன்பது. அலுமினியக் கதவு, ஜன்னல் செய்து பொருத்தும் பட்டறை வைத்திருக்கிறேன். விளையாட்டரங்கில் என்னைக் 'கீல்' என்று கூப்பிடுவார்கள். எண்ணெய் போடாத கீல் மாதிரி எதற்கெடுத்தாலும் கிறீச்சிடுகிறேன் என்று என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர், வைத்த பெயர் அது. இந்தப் போட்டியின் செயலாளரும் அவர்தான். எனக்கும் அவருக்கும் ஆகாது. பிறகு யாரோ துப்புத் துலக்கிக் கண்டுபிடித்த மாதிரி சொல்ல வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே எழுதிக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்களுக்கான சர்வதேச இன்லைன் ஹாக்கி சாம்பியன்ஷிப் எங்கள் அரங்கில் நடந்தது. ஒரே வரிசையில் சக்கரம் பூட்டிய ஷூவைப் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் தரையில் ஆடும் ஹாக்கி அது. பந்துக்குப் பதில் தட்டையான வட்டு. களத்தைச் சுற்றிலும் பலகைத் தடுப்பு இருக்கும். தப்பாட்டம் ஆடியவனை இரண்டு நிமிடம் தடுப்புக்கு வெளியே ஒரு சின்ன அடைப்புக்குள் உட்கார வைப்பார்கள். அதைத் தண்டனைப் பெட்டி என்பார்கள். அதன் கதவைத் திறந்து மூடுவது என் வேலை. சம்பளம் கிடையாது. என் மகன் எங்கள் அணியில் ஆடுகிறான், அந்த உரிமையில் சகலை இந்த வேலையை என் தலையில் கட்டினார்.

அந்தக் கதவு பெட்டிப் பக்கமாகத் திறக்க வேண்டியது. அரங்கைப் புதுப்பித்த புண்ணியவான்கள் களத்துப் பக்கம் திறக்கும்படி மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்டம் நடக்கும்போது திறந்தால், பலகையை ஒட்டி வேகமாக வருகிறவன் அதன் விளிம்பில்தான் மோதுவான். இதைச் சொல்லப் பட்டறை வைத்திருக்க வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். தாழ்ப்பாளும் பிடிக்கவில்லை. முதல் நாள் காலையிலேயே சகலையிடம் போய்ச் சொன்னேன். அவர் வெளிநாட்டு விருந்தினர்களோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுலதான் குறை தெரியல? ஒரு ஷூ கயிறை எடுத்துக் கட்டுங்க, பைனல் வரைக்கும் தாங்கும்" என்றார்.

அதன் பிறகு என் மகன்தான் தன் பையிலிருந்து மாற்றுக் கயிறு ஒன்று எடுத்துக் கொடுத்தான். அதைக் கதவின் கைப்பிடியில் முடிந்து, மறுமுனையை என் வலது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆக அந்தப் போட்டி முழுக்கத் தாழ்ப்பாள் நான்தான். கொட்டாவி விடக்கூட வாய்க்குக் கை போகாது.

இறுதி ஆட்டத்தில் இரண்டு அணியும் சமமாக இருந்தன. ஆட்டம் முடியும் தறுவாயில், எதிரணியின் பதினொன்றாம் எண் ஆட்டக்காரனின் காலை என் மகன் மட்டையால் வாரிவிட்டான். நடுவர் அவனைப் பெட்டிக்கு அனுப்பினார். பதினொன்றாம் எண்ணுக்கும் என் மகன் வயதுதான் இருக்கும். ஆட்டம் தொடங்கியதிலிருந்து அவன் என் மகனைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான், கூட்டம் அதற்குச் சிரித்தது. பெட்டிக்குள் வந்த மகன் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே இருந்தான். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். அதன் பிறகு, தண்டனை நேரம் முடியச் சில நொடிகள் பாக்கி இருக்கும்போது எழுந்து நின்றான்.

"கதவைத் தொறப்பா."

"மணி அடிக்கட்டும், உட்காரு" என்றேன்.

அதன் பிறகு அவன் வலது காலைத் தூக்கிக் கதவை உதைத்தான். கயிறு என் கையை அறுத்துக்கொண்டு உருவிப் போனது. கதவு முழுக்கத் திறந்துகொண்டது. பலகையை ஒட்டி வட்டைத் தள்ளிக்கொண்டு வந்த பதினொன்றாம் எண் அதன் விளிம்பில் மோதினான். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அவனிடமிருந்து விலகி ஓடிய வட்டை எங்கள் அணிக்காரன் ஒருவன் எடுத்து அடித்தான், கோல் ஆனது. அதற்குப் பிறகுதான் நடுவர் விசில் ஊதினார். அவர் அதுவரை எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவரையே கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளவும்.

கூட்டம் பலகையைத் தட்டிக் கத்தியது. கீழே ஒருவன் கிடக்கிறான் என்று யாருக்கும் உறைக்கவில்லை. என் மகன் பெட்டியிலிருந்து இறங்கி, கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு போனான். அவன் சக்கரம் அந்தப் பையனின் கையுறையை உரசிக்கொண்டு போனதைப் பார்த்தேன். போய், கோல் போட்டவனைக் கட்டிப்பிடித்துக் குதித்தவர்களோடு சேர்ந்து இவனும் குதித்தான். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. இதையும் எழுதவும், அடிக்க வேண்டாம்.

அதன் பிறகு நான் கீழே இறங்கி அந்தப் பையன் பக்கத்தில் மண்டியிட்டேன். அவன் தன் மொழியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அந்த மொழி தெரியாது. யாரைக் கூப்பிட்டிருப்பான் என்று என்னால் ஊகிக்க முடியும், ஆனால் ஊகத்தை எழுத மாட்டோம் என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். ஸ்டிரெச்சர் வரும் வரை பக்கத்திலேயே இருந்தேன். கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது, கால் விரல்கள் இன்னும் அசையவில்லை என்று உங்கள் வாயால்தான் கேட்டேன். எங்கள் ஆட்களில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

கோப்பை கொடுத்து முடிந்ததும் சகலை என்னைத் துண்டும் வியர்வை நாற்றமுமாக இருந்த உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப் போனார். இந்தப் போட்டியின் விதிப்படி, கதவுக்காரன் தவறுதலாகத் திறந்தால் அது விபத்து, கோல் நிற்கும். தண்டனை முடியாத ஆட்டக்காரன் தானே திறந்தால் கோல் செல்லாது, கோப்பை போய்விடும், அவனை ஆடவிடாமல் தடை போடுவார்கள். மகனை வெளிநாட்டு அணி ஒன்று கூப்பிட்டிருக்கிறது, அதுவும் போய்விடும். இதையெல்லாம் எனக்கு விளக்கினார். பத்து வருடத்தில் அவர் என்னிடம் பொறுமையாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சகல. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கறேன்" என்றார்.

தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தில்தான் இதையும் பார்த்துக்கொள்வார். அவர் சட்டையைப் பிடித்து அலமாரியோடு சேர்த்துத் தள்ளினேன். இதற்காக அவர் தனியாகப் புகார் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். தள்ளியது உண்மை. வருத்தம் இல்லை.

வீட்டுக்குப் போனால் அங்கே மச்சினி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். என் மனைவி எனக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கையில் ரத்தத்தைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்கவில்லை. "பெத்த புள்ளைய விட எவனோ ஒருத்தன் பெருசா போயிட்டானா?" என்று மட்டும் கேட்டாள். மகன் தன் அறையில் இருந்தான், வெளியே வரவில்லை. வந்து, 'ஆமாப்பா, நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பழியை நானே சுமந்திருப்பேனோ என்னவோ. அவன் வரவில்லை.

இன்று காலை அவன் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். அதில், 'என் தகப்பனார் கவனக்குறைவாகக் கயிற்றை விட்டுவிட்டார்' என்று இருக்கிறது. மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அப்படித்தான் இருந்தது. கயிற்றை விட்டவன் கையில் காயம் வராது. என் வலது உள்ளங்கையைக் கட்டுப் பிரித்துக் காட்டினேன், குறுக்கே கயிறு அறுத்த கோடு இருப்பதைப் பார்த்துக் குறித்துக்கொண்டீர்கள்.

அவன் வேண்டுமென்றே செய்தானா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். அவன் மனதுக்குள் நான் போய்ப் பார்க்கவில்லை. உதைக்கும்போது அவன் முகம் இருந்த பக்கத்தை மட்டும் சொல்கிறேன். கடிகாரம் எதிர்ச் சுவரில் இருக்கிறது, அதை அவன் பார்க்கவில்லை. இடது பக்கத்தில் நான் இருந்தேன், என்னையும் பார்க்கவில்லை. வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பதினொன்றாம் எண் வலது பக்கத்திலிருந்துதான் வந்தான்.

கை இப்படி இருப்பதால் இங்கே என்னை மகன்தான் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான். நான் இறங்கும்போது மட்டும், "நல்லா யோசிச்சுச் சொல்லுப்பா" என்றான். இன்னமும் வாசலில் காத்திருக்கிறான், இந்த ஜன்னலிலிருந்து அவன் வண்டி தெரிகிறது. நான் யோசித்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

இதில் உள்ளது அத்தனையும் நான் சொன்னது, நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசைகாட்டியோ சொல்லவில்லை. மிரட்டியவர்களும் ஆசைகாட்டியவர்களும் கேட்டது வேறு. முழுவதும் வாசித்துக் காட்டக் கேட்டுக்கொண்டேன். வலது கையால் பேனா பிடிக்க முடியாததால் இடது பெருவிரல் ரேகை வைக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளவும்.

(இடது பெருவிரல் ரேகை)