துபாசி லூயிஸின் சாட்சி

அக்கிராசனம் வகிக்கும் ஐயா சதாசிவம் அவர்களே, அறிவாலும் அனுபவத்தாலும் எங்களுக்கு மூத்த பெரியோர்களே, மாலைப் பூசை முடிந்த கையோடு வந்திருக்கும் மாதா கோயில் சகோதரர்களே, மாரியம்மன் திருவிழாப் பந்தல் வேலையைப் பாதியில் நிறுத்தி வந்திருக்கும் தோழர்களே, பால் செம்பை இறக்கி வைத்துவிட்டு ஜெலாப்பாங்கிலிருந்து நடந்தே வந்த தாய்மார்களே, சிலிம் ரிவரிலிருந்து ரயிலேறி வந்திருக்கும் என் உடன்பிறப்புகளே, உங்கள் அனைவருக்கும் இந்த எளியவன் இரு கரம் கூப்பிச் சொல்லும் வணக்கம்.

நான் ஈப்போவில் துணிக்கடை வைத்திருப்பவன். துணியை அளந்து கொடுப்பேன். பேச்சை அளக்கத் தெரியாது. அதை அறிந்துதான் தலைவர் என்னைக் கடைசியில் பேச விட்டிருக்கிறார். எனக்குப் பின்னால் பேச ஆளில்லை என்பதால் நான் யாருடைய நேரத்தையும் தின்றுவிட முடியாதல்லவா?

ஐயா, இன்று காலை பாசாரில் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்டார். "தொரைய காட்டிக் குடுத்தவனுக்கா அண்ணே மாலை போடுறீங்க?" என்றார். நான் கோபப்படவில்லை. அவருக்கு ஜெலாப்பாங்கில் குடிசை இருந்தது, இன்று இல்லை. வீட்டை இழந்தவனுக்குக் கேள்வி கேட்க உரிமை இல்லையா? உண்டு. ஆகவே, இன்று நான் லூயிஸுக்குப் புகழ்மாலை தொடுக்கப் போவதில்லை. நடந்ததைச் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

ரப்பர் விலை சரிந்த வருஷத்தை மறந்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? பால் வெட்டு நின்றது. வெட்டு நின்றால் வேலை ஏது, வேலை நின்றால் அரிசி ஏது? சிலிம் ரிவர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வெளியே வந்தார்கள். ரயிலுக்குக் காசில்லாமல், தண்டவாளத்தின் ஓரமாகவே ஈப்போவுக்கு நடந்து வந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முன்னால் நடந்தவள் செல்லாயி. புருஷனைத் தோட்டத்துக் காய்ச்சலுக்குக் கொடுத்தவள். இதோ, இந்தப் பாயில்தான் அமர்ந்திருக்கிறாள்; நான் பெயர் சொன்னதும் முக்காட்டை இழுத்துக்கொள்கிறாள்.

அவர்களை யார் கேட்டார்கள்? லூயிஸ் கேட்டார். கவர்னர் துரையின் அலுவலகத்தில் துபாசி வேலை அவருக்கு. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். அவருடைய தகப்பனார் தோட்டத்தில் வேதபாடம் சொல்லிக் கொடுத்தவர். கூலிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளைதான் லூயிஸும். செல்லாயியை நேராகத் துரையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். அவள் அழுததை ஆங்கிலமாக்கினார்.

துரையின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. பதவி போய்க் கப்பலேறியவரைப் பெயர் சொல்லி ஏசுவதற்காக இந்த மேடையை நாம் போடவில்லை. அந்தத் துரை கேட்டார் ஐயா, காது கொடுத்துக் கேட்டார். மறுவாரமே குதிரையேறி ஜெலாப்பாங்குக்கு வந்தார். காட்டோரத்து நிலத்தைக் காட்டி, இதைத் திருத்திப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். கவிழ்த்துப் போட்ட மண்ணெண்ணெய் டின்னில் உட்கார்ந்து, செல்லாயி கொடுத்த கடுங்காப்பியை வாங்கிக் குடித்தார். நம் ஆட்கள் கொடுத்ததை வாங்கிக் குடித்த துரை எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

காட்டை வெட்டினார்கள். கீரை போட்டார்கள். மாடு வாங்கினார்கள். ஈப்போவின் காலைக் காப்பிக்கெல்லாம் ஜெலாப்பாங் பால் என்று ஆயிற்று. கங்காணி இல்லாத காலை எப்படி இருக்கும் என்று நம் பெண்கள் முதன்முதலாக அங்கேதான் அறிந்தார்கள்.

இனி வருவதுதான் கசப்பு.

துரையின் மனைவிக்கு நெஞ்சில் நோய். கடற்காற்று வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஈயம் தோண்டும் லம்பம் வைத்திருந்த முதலாளி ஒருவர், ஆற்றின் மேலே உள்ள மலையை வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அது யாரும் தொடக்கூடாத மலை. மரத்தை வெட்டி அங்கே லம்பம் தோண்டினால் கீழே இருக்கும் மலாய்க் கிராமத்துக்கு, அந்தக் கம்போங்குக்கு, ஆபத்து என்று முன்பே தடுத்து வைத்த மலை. முதலாளி எந்த ஊர்க்காரர், எந்த இனத்தார் என்று பின்வரிசையிலிருந்து கேட்கிறீர்கள். வேண்டாம் தம்பி. லஞ்சத்துக்கு இனம் கிடையாது.

அந்த முதலாளி துரையின் பங்களாவுக்கு வந்தார். துரைக்குத் தெரிந்தது புத்தக மலாய். முதலாளி பேசியது பாசார் மலாய், சந்தைப் பேச்சு. நடுவில் நின்றவர் லூயிஸ். முதலாளி சொன்னார்: "மலை எனக்கு வேண்டும், துவான். கடற்கரையில் எனக்கொரு பங்களா இருக்கிறது. இனி அது அம்மாளுடையது." லூயிஸ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரை மனைவியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாராம். பிறகு, "அம்மாளுக்குக் கடற்காற்று பிடிக்கும்" என்றார். லூயிஸ் அதை மலாயில் சொன்னார்.

அவ்வளவுதான். வேறு பேச்சில்லை. மலை போயிற்று.

மழைக்காலம் வந்தது. லம்பத்தின் அணை உடைந்தது. மலைச்சேறு கம்போங்கின் மேல் இறங்கியது. நட்ட நெல் போயிற்று, வீடுகள் போயின, இரண்டு உயிர்கள் போயின. அந்தக் கம்போங்கின் பெங்குலு, அதாவது அவர்களுடைய ஊர்த்தலைவர், சேறு காயாத காலோடு அலுவலகத்துக்கு வந்து துரையிடம் முறையிட்டார். அன்றும் நடுவில் நின்றவர் லூயிஸ்தான். எந்த வாயால் அந்தப் பேரத்தை மொழிபெயர்த்தாரோ, அதே வாயால் இந்த அழுகையை மொழிபெயர்த்தார். அன்று வீட்டுக்குப் போனவர் சோறு தொடவில்லை என்று அவருடைய மனைவி அகதா அம்மாள் என்னிடம் சொன்னார்.

ஊர் பேசியது. பத்திரிகை எழுதியது. விசாரணைக் கமிஷன் வந்தது. பங்களா கை மாறியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். எதற்காக மாறியது என்று கேட்ட காது ஒன்றே ஒன்றுதான். லூயிஸைச் சாட்சிக்கு அழைத்தார்கள். அதற்கு முன்பே துரையின் சிநேகிதர்கள் அவரை அழைத்து, மென்மையாக ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பினார்கள். துரை விழுந்தால் அவர் கொடுத்த நிலங்கள் அத்தனையும் ரத்தாகும். ஜெலாப்பாங்கும் சேர்ந்துதான் போகும் என்றார்கள்.

எண்ணிப் பாருங்கள் பெரியோர்களே. வாயைத் திறந்தால் தன் ஜனங்களின் குடிசை போகும். மூடினால் மண்ணுக்குள் போனவர்களுக்கு நியாயம் போகும். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் என்ன செய்திருப்பேன்? துணிக்கடையை இழுத்து மூடிவிட்டு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறியிருப்பேன்.

லூயிஸ் செல்லாயியிடம் போனார். எதையும் ஒளிக்காமல் சொன்னார். அவள் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே கேட்டாளாம். கேட்டு முடித்ததும் சொன்னாள்:

"அந்தத் தொரை எங்களுக்குச் சோறு போட்டவரு. அத நான் மறக்கலண்ணே. ஆனா அந்தக் கம்போங்குல செத்தவங்களும் நம்மள மாதிரி நெலத்த நம்புன ஆளுங்கதான். நீங்க வாய மூடி இந்த நெலத்த எனக்குக் காப்பாத்திக் குடுத்தா, நான் இதுல எப்படி வெதைக்கிறது? போயி உள்ளத சொல்லுங்க லா. போனா போவுது."

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செல்லாயி மற்றக் குடும்பங்களைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எல்லோருடைய நிலத்துக்கும் அவள் ஒருத்தி பதில் சொல்லிவிட்டாள். அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. அதை அவளும் அறிவாள்.

விசாரணை நாளன்று நானும் கூட்டத்தோடு கூட்டமாக நின்றேன். துரையின் வக்கீல் எழுந்தார். துரை உனக்குத் தீங்கு செய்தாரா என்று கேட்டார். இல்லை என்றார் லூயிஸ். நன்மை செய்தாரா என்றார். நிறையச் செய்தார் என்று துரையைப் பார்த்தே சொன்னார் லூயிஸ். பிறகு அன்று பங்களாவில் பேசியதை மலாயில் சொன்னார், ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. நீ மொழிபெயர்த்ததில் பிழை இருக்கலாம் அல்லவா என்று வக்கீல் மடக்கினார்.

அப்போது துரை எழுந்தார். கமிஷனைப் பார்த்துச் சொன்னார்: "லூயிஸ் என்னிடம் இருந்த காலமெல்லாம் தவறாக மொழிபெயர்த்ததில்லை. அன்றும் இல்லை."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வார்த்தையால் அவர் தம்மைத் தாமே பதவியிறக்கிக்கொண்டார். சபையோர்களே, அவருக்காக நான் அன்று வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன். மனைவியின் மூச்சுக்காக ஒரு மலையை விற்றவர் அவர். அந்த அன்பை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த மலை அவருடையதா? கீழே உறங்கியவர்களின் மூச்சு மூச்சில்லையா?

துரை போனார். புதிதாக வந்தவர் பழைய உத்தரவுகளையெல்லாம் நிறுத்தினார். நல்ல உத்தரவு எது, விற்ற உத்தரவு எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. ஜெலாப்பாங்கில் குடிசைகளைப் பிரித்தார்கள். லூயிஸுக்கு வேலை போயிற்று. மாதா கோயிலில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். அகதா அம்மாள் வீட்டுக்குப் பால் ஊற்ற யாரும் போகவில்லை, செல்லாயி ஒருத்தியைத் தவிர. இருளாயி என்றொரு பெண், குடிசையும் போய், மேய்க்க இடமில்லாமல் மாட்டையும் விற்றுவிட்டு, மறுபடி சிலிம் ரிவர் லயத்துக்கே போனாள். போகும் வழியில் லூயிஸின் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர் கதவைச் சாத்தவில்லை, நின்று வாங்கிக்கொண்டார்.

பாதிக் குடிசைகள் விழுந்திருந்தன. அப்போதுதான் அந்தக் கம்போங்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெங்குலு முன்னால், சேற்றில் வயலை இழந்தவர்கள் பின்னால். மீதிக் குடிசைகளின் முன் போய் உட்கார்ந்துகொண்டார்கள். தங்களுக்காக உண்மை சொன்னதற்கு இவர்கள் வீடிழப்பதானால், அதிகாரி தங்களைத் தாண்டித்தான் பிரிக்க வேண்டும் என்றார் பெங்குலு. யாரும் அவர்களை அழைக்கவில்லை, ஐயா. யாரும் கேட்கவில்லை. வந்தார்கள்.

அதிகாரி திரும்பிப் போனார். ஜெலாப்பாங் நிலத்தின் விவகாரத்தை மறுபடி விசாரித்தார்கள். ஜெலாப்பாங் நிலம் கைமாறு இல்லாமல் கொடுத்த நிலம் என்று தீர்ப்பாயிற்று. போன வாரம் உத்தரவு வந்துவிட்டது. கை தட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் குடிசை போய் லயத்துக்குத் திரும்பிய சிலிம் ரிவர்க்காரர்கள் தட்டவில்லை, கவனித்தீர்களா? உத்தரவு நிலத்தைத் தந்தது. விழுந்த குடிசையை யார் தருவார்?

உண்மையின் சுகம் எல்லோருக்கும், அதன் சுமை மட்டும் இந்த ஏழைகளுக்கா? நேர்மையான ஆட்சி வேண்டும் என்று ஈப்போ முழுவதும் பேசினோம். பத்திரிகை படித்தோம், காப்பிக் கடையில் கர்ஜித்தோம். கர்ஜித்தவர்கள் கூரையின் கீழ் உறங்கினோம். உறங்க இடமில்லாமல் போனவர்கள் இவர்கள். இந்த நகரம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறதா, இல்லையா? இருக்கிறது என்றால், ஞாயிற்றுக்கிழமை காலை ஜெலாப்பாங்குக்கு வாருங்கள். மண்வெட்டி உள்ளவர் மண்வெட்டியோடு வாருங்கள். கூரைக்கு அத்தாப்பு ஓலை தருவதாகப் பெங்குலு சொல்லியிருக்கிறார். மேடையில் இருக்கும் நாங்களும் வருவோம். தலைவர் தலையசைத்துவிட்டார், இனி அவர் தப்ப முடியாது.

லூயிஸ் பாகான் செராயில் ஒரு நெல் ஆலையில் வேலைக்குப் போகப்போகிறார். போவதற்கு முன் அவர் என்னிடம் கேட்டது மாலை அல்ல. இருளாயி வீட்டுக் கம்பத்துக்குக் குழி தோண்டும் வேலையைத் தனக்குத் தரவேண்டும் என்றார். இன்று மத்தியானம் ரயிலடியில் இருளாயியிடம் அதைச் சொன்னேன். தலைச்சுமையை இறக்கி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"அவரு செஞ்சது சரின்னு புத்தி சொல்லுது. வயிறு இன்னும் ஒத்துக்கலே. ஞாயித்துக்கெழம நான் வாரேன். அவரும் வரட்டும். தோண்டட்டும், பாக்கலாம்."

இதைவிடப் பெரிய மரியாதையை எந்த மேடையும் லூயிஸுக்குச் செய்ய முடியாது.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், கண்ணீரோடு கேட்ட தாய்மார்களுக்கும், கோபத்தோடு கேட்டாலும் எழுந்து போகாமல் இருந்தவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஜெலாப்பாங்கில் சந்திப்போம். வணக்கம்.