பேர் சொல்லாதவ

அவரு பேரா? அத்த எங்கிட்ட கேக்காதம்மா. வூட்டுக்காரரு பேர நான் எப்டி சொல்றது. சிவனுக்கு அஞ்செழுத்து மந்திரம் இருக்குதில்ல, அதுக்கே இன்னொரு பேரு உண்டு, அதான். தெரியலியா? நீ சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, உனக்கு எங்கேந்து தெரியும். இந்தா எல்லம்மா, டீ அப்பறம் ஊத்தலாம், இந்தப் பொண்ணு புதுசா வந்துக்குது, அவரு பேரக் கொஞ்சம் சொல்லு. ஆங். அதேதான்.

சிரிக்கிறியா? சிரி, சிரி. இந்தக் காலத்துப் பொண்ணுங்க நீங்க.

புதன்கெழம ஆனா இங்க கொண்டாந்து வுடுவேன். சர்ச்சு ஹால்ல மறதிக்காரங்கள மதியத்துல வச்சுப் பாத்துக்கறாங்கன்னு நசீர் அகமது பாய்தான் சொன்னாரு, தோல் கம்பெனில இவரோட தோஸ்து. இவருக்கு ஜாஸ்தி ஒண்ணும் வேணாம். ரேடியோல சிலோன் வச்சா ஒக்காந்துப்பாரு. கை சும்மா இருந்தாதான் பேஜாரு. காலமெல்லாம் தோலத் தடவித் தடவித் தரம் பிரிச்ச கை, உன் முந்தானியக் கூட புடிச்சுத் தடவிப் பாப்பாரு, தப்பா நெனைக்காத. பையில ஆட்டுத்தோல் துண்டு வச்சுக்கீறேன், எடுத்துக் குடு. இது மட்டம், இது ஒசத்தின்னு பிரிச்சுனே இருப்பாரு.

நானா? நான் எங்க போவேன். நீ கொஞ்சம் ரெஸ்ட் எடும்மான்னாங்க சிஸ்டரம்மா. மொத வாரம் வூட்டுக்குப் போய்ப் படுத்தேன், தூக்கம் வரல. கடத்தெருவுக்குப் போனேன், வாங்கறதுக்கு ஒண்ணுமில்ல. இப்பல்லாம் ஆம்பூர் ஸ்டேஷன்ல பெஞ்சுல போய் ஒக்காந்துடறேன். பக்கத்துல யாராவது ஒக்காந்தா பேசுவேன். எந்த ஊருன்னு கேட்டா பதில் சொல்றாங்கம்மா. வூட்ல நான் பேசறதுக்கு பதிலே கெடையாது.

ஒண்ணு மட்டும் ஜாக்ரதயா பாத்துக்க. கதவு தெறந்திருந்தா நடந்துடுவாரு. போன சனிக்கெழம அப்டித்தான். கொழம்ப எறக்கி வச்சுட்டுத் திரும்பறேன், ஆளக் காணோம். ஓடறேன். ரயில்வே கேட்டு மூடிக்கீது, இவரு குனிஞ்சு உள்ள பூந்துனு போறாரு. இந்தாங்க, இந்தாங்கன்னு கத்தறேன், திரும்பிப் பாக்கல. வண்டி வர்ற சத்தம் கேக்குது. வேற வழி தெரியல, பேரச் சொல்லிக் கூப்ட்டேன். தாலி கட்டின நாள்லேந்து வாய்ல வராத பேரு, அத்தினி ஜனத்துக்கு முன்னால. சட்டுனு நின்னாரு. திரும்பி எங்கிட்டயே வந்தாரு.

சேச்சே, வெக்கமெல்லாம் இல்லம்மா. உசுரு போவும்போது வெக்கம் இன்னா.

வந்து என்னயே பாத்தாரு. யாரும்மா நீ, எம் பேரு உனக்கு எப்டித் தெரியும்னாரு. உங்க பொண்டாட்டிதான்னேன். தலய ஆட்டிச் சிரிச்சாரு. இல்லம்மா, எம் பொண்டாட்டி எம் பேரச் சொல்ல மாட்டாளேன்னாரு.

சரியாத்தான சொன்னாரு. எல்லாம் போய்டுச்சு, என்னப் பத்தி அது ஒண்ணு மட்டும் மிச்சம் வச்சுக்கீறாரு பாரு. அத்தயும் நானே கெடுத்துக்குவேனா?

நேரமாச்சு, நான் வர்றேன். சாய்ந்திரம் அஞ்சு மணிக்கு வந்து வாசல்ல நிப்பேன். நீதாம்மா பேர் சொல்லிக் கூப்ட்டு அனுப்பணும். நான் வாயத் தெறக்காம நிக்கறேன். என்னிக்காவது ஒரு நாளு, இவதான்னு தோணாதா அவருக்கு.