யானைக்குட்டி என்ன ஆனது?

எங்கள் ஜில்லா ஆந்திராவோடு போய்விட்ட புதிது. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் போகும் ரயிலில் இருந்தேன். நகரியில் ஒரு நெசவுக்காரனும் பெண்சாதியும் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒட்டுக்கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. அவள் குரல் அப்படி.

"யோவ், அந்தக் கதைப் புக்கை நம்ம பொண்ணு படிக்கல. நான்தான் படிச்சிக்கினு இருந்தேன்."

"நீயா? சின்னப் புள்ளைங்க கதையையா?"

"எழுத்துக் கூட்டிக் கூட்டி மூணு மாசமா படிக்கிறேன். நீ தூக்கினு போய் அரக்கோணத்துல உங்க அக்கா கைல குடுத்துட்ட."

"பொண்ணுக்கு இனிமே தெலுங்குதானே? தமிழ்ப் புக்கு எதுக்குன்னு குடுத்தேன்."

"அவ தெலுங்கு படிக்கட்டும், நான் வேணான்னேனா? ஆத்துல அடிச்சிக்கினு போன யானைக்குட்டி அம்மா கிட்ட சேந்துச்சா, இல்லியா?"

"சேந்திருக்கும். புள்ளைங்க கதைதானே."

"நீ படிச்சியா? படிக்காத ஆளு வாயைத் தொறக்காத!"

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பொண்ணு அழுவுதுன்னு சொல்லி வாங்கிக்கலாம். உனக்குன்னு சொன்னா அக்கா சிரிக்கும்."

"நல்லா சிரிக்கட்டும். எனக்குத்தான்னு சொல்லித்தான் கேக்கப் போறேன். நீ பக்கத்துலயே நின்னுக்கினு இரு."