நான்கு நான்காகவே இருந்தது

சார், பைல்களுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் முதலில் ஒரு வேண்டுகோள். நேற்று நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தையும் இன்று எழுதும் இதையும் ஒரே கிளிப்பில் மாட்டிவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என் பெயர் சங்கரலிங்கம். மட்டாஞ்சேரியில் பிறந்தவன். அப்பா கொச்சங்காடியில் மிளகு மூட்டைகளுக்கு மார்க் போட்டவர். சாக்குக்குள் சரக்கு மாறினால் சாக்கின் மேல் எண்ணும் மாற வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சாப்பிடும் முன் கை கழுவுவது மாதிரி. என்னை யாரும் இதில் குறை சொல்ல முடியாது.

மசாலாக் கிடங்குகளில் பூச்சிக்கு மருந்து வைத்துக் கதவை அடைப்பார்கள். மருந்து வாயுவாகி மூட்டைகளுக்குள் இறங்கும். அது முழுக்க வெளியேறும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது. மிளகும் சுக்கும் மணக்கும் இடத்தில் அந்த வாயுவின் வாசம் மூக்குக்குத் தனியாகத் தெரியாது. அதனால் வாசலில் ஒரு விளக்கு. சிவப்பு என்றால் வெளியே நில், பச்சை என்றால் போகலாம். இந்த விளக்குகளைப் பன்னிரண்டு கிடங்குகளில் வைத்திருப்பது எங்கள் கம்பெனி.

கிடங்குக்குள் இருக்கும் கருவியிடமிருந்து வாயுவின் அளவை வாங்கிச் சொல்வது நான் எழுதிய லைப்ரரி, அதாவது மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் துண்டுப் புரோகிராம். அதைக் கேட்டு விளக்கை எரியவைப்பது என்னோடு வேலை பார்க்கும் அபிலாஷ் எழுதிய புரோகிராம். அளவு முப்பதுக்குக் கீழே வந்தால் பச்சை. அவனுடைய புரோகிராம் ஓடத் தொடங்கும்போது என் லைப்ரரியைப் பெயரும் எண்ணும் சொல்லிக் கேட்கும். கேட்ட எண் இருந்தால் எடுத்துக்கொள்ளும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காது. இல்லாவிட்டால் ஓடாது, சிவப்பு சிவப்பாகவே நிற்கும். ஆகவே லைப்ரரி சொல்லும் அளவின் அர்த்தம் மாறினால் எண்ணை மாற்றியாக வேண்டும். கம்பெனியில் இந்த விதியை எழுதியவன் நான்தான்.

போன வருஷம் அப்படி ஒரு மாற்றம் வந்தது. விதிப்படி லைப்ரரியின் எண்ணை மூன்றிலிருந்து நான்காக்கினேன். பத்து நாள் முன்பே அபிலாஷுக்கு மெயில் போட்டேன். அபிலாஷ் கெட்டவன் இல்லை, எல்லாருடைய பிறந்தநாளுக்கும் கேக் வாங்கி வருவான். மெயில் மட்டும் படிக்கமாட்டான். அவனுடைய புரோகிராம் மூன்றையே கேட்டது, திங்கட்கிழமை காலை பன்னிரண்டு கதவிலும் சிவப்பு. லாரிகள் மதியம்வரை நின்றன.

முதலாளி ரமேஷ்பாபு எல்லாரையும் கூட்டி வைத்து என்னைத்தான் திட்டினார். "இனி உன்னால ஒரு கதவு நின்னா, நீ வீட்டுக்குப் போயிரலாம்" என்றார். வெளியே வந்ததும் அபிலாஷ் என் தோளில் கை போட்டான். "ஒரு நம்பரை மாத்தாம இருந்தா போதுமாயிருந்தது சேட்டா. ஆரும் அறியில்லா" என்றான். நல்லதுக்குக் காலமில்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அந்தக் கை என் தோளில் இன்னும் இருப்பது மாதிரி இருக்கிறது.

இந்த வருஷம் ரமேஷ்பாபு எல்லாக் கிடங்குக்கும் புதுக் கருவிகள் வாங்கினார். பழைய கருவி முந்நூறு என்று காட்டுவதைப் புதியது முப்பது என்று காட்டும். லைப்ரரியைப் புதுக் கருவிக்காகத் திருத்தினேன். எண்ணை மாற்றவில்லை. நான்கு நான்காகவே இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் நான்.

ஒரே வரியில் பத்தால் பெருக்கியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அது லைப்ரரியின் வேலை இல்லை என்று நேற்றுச் சொன்னேன். அளவு மாறியதைக் குறிப்புப் பைலின் எட்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். படித்தேன் என்று அபிலாஷ் டிக் அடித்திருக்கிறான். காலிக் கிடங்கில் சோதித்தும் பார்த்தான், பூஜ்யம் வந்தது. பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அவன் எனக்குக் கட்டைவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன்.

அதன் பிறகு முதலில் மருந்து வைத்தது கொச்சங்காடிக் கிடங்கில். அங்கே சுக்கு தரம் பிரிக்கும் பேச்சியம்மாள் எங்கள் தெருக்காரி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். வாயு போனபின் மருந்துச் சாம்பலைப் பெருக்க முதலில் உள்ளே போவது அவள்தான். அன்று காலை நான் வாட்டர் மெட்ரோப் படகுக்குப் போகும் வழியில் சாயாக்கடையில் நின்றிருந்தாள்.

"தம்பி, இன்னைக்குக் கதவு தெறந்துருவாவளா?"

"பச்சை எரிஞ்சா போங்கக்கா" என்றேன்.

"அது எரியாம நான் கால வைக்க மாட்டேம்லா. நீ செஞ்ச லைட்டுல்லா" என்றாள்.

என் சாயாவுக்கும் அவளே காசு கொடுத்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

எர்ணாகுளம் ஆபீசில் என் மேஜைத் திரையில் பன்னிரண்டு கிடங்கின் அளவும் தெரியும். காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குக் கொச்சங்காடியில் இருபத்தெட்டு என்று வந்தது. அதாவது பழைய கணக்கில் இருநூற்று எண்பது. பச்சை எரிந்தது. கிடங்கு மேஸ்திரி நாணுவின் நம்பர் என் போனில் இருக்கிறது, போனும் பக்கத்தில்தான் இருந்தது. நான் அபிலாஷைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் திரையிலும் அதே இருபத்தெட்டு. இப்போதாவது கவனிப்பான் என்று பதினொரு நிமிஷம் காத்திருந்தேன். அவன் யாருக்கோ கேக் ஆர்டர் செய்துகொண்டிருந்தான்.

பேச்சியம்மாள் உள்மூலையில் விழுந்துகிடந்தாள். இழுத்து வரப் போன நாணு இன்னும் ஆஸ்பத்திரியில். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே இறந்துவிட்டாள் என்று சொன்னார்கள். எனக்கு வருத்தம்தான். நல்ல மனுஷி.

அன்று சாயங்காலமே நான்கை ஐந்தாக்கினேன். பன்னிரண்டு கதவிலும் சிவப்பு. இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை. ரமேஷ்பாபு என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ மட்டும்தான் ஒழுங்காக வேலை பார்க்கிறாய் என்று அழுதார். அபிலாஷை நீங்கள் அழைத்துப் போகும்போது அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். எட்டாம் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும் என்று அவனுக்குப் புரிந்திருக்கும்.

இனி அந்த வேண்டுகோள். எண்ணை மாற்ற மறந்துவிட்டேன் என்று நேற்று எழுதினேன். மறக்கவில்லை, அபிலாஷ் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் விட்டேன். அந்த வாயு தலைசுற்றல், வாந்தியோடு விட்டுவிடும் என்றுதான் நினைத்திருந்ததாகவும் எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிடுங்கள். இருநூற்று எண்பது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எந்த அளவுக்கு எத்தனை நிமிஷம் என்ற அட்டவணையை, அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு மலையாளம் படிக்க வராது என்பதால், தமிழில் எழுதிக் கிடங்குச் சுவரில் ஒட்டியவன் நான். கதவு திறந்ததும் யார் உள்ளே போவாள் என்பதும் தெரியும். சாயாக்கடையிலேயே தெரியும்.

தலைப்பு அதே ‘வாக்குமூலம்’ என்று இருக்கட்டும், பரவாயில்லை. ஆனால் மேலே மறக்காமல் இரண்டு என்று எண் போடுங்கள் சார். உள்ளே இருப்பது மாறியிருக்கிறது. எண்ணை மாற்றாமல் வைத்தால் பின்னால் படிக்கிற யாராவது பழையது என்று நம்பி ஏமாந்துபோவார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.