மேல்மண் லோடு

ராத்திரி ஒன்றரை மணி. புறவழிச்சாலையை விட்டு இறங்கினால் வயலுக்கு நடுவில் ஒரு ஒற்றை ரோடு போகுமே... கம்பம் நட்டு, விளக்கு மட்டும் போடாமல் விட்டிருக்கிறார்களே, அதே ரோடுதான். நம் பஞ்சர் கடைக்காரனின் மச்சான் டிப்பர் ஓட்டுகிறான் இல்லையா, அவனுக்கு நடந்தது. சிரிக்கிறவன் இப்போதே சிரித்துவிடு. மார்க்கெட் கேட் திறக்க இன்னும் நேரம் இருக்கிறது. பாதியில் எழுந்தால் வண்டிக்குத் தனியாகத்தான் போகணும்.

லோடு என்ன தெரியுமா? மண். நகரத்தில் மாடிக்கு மாடி தோட்டம் போடுகிறார்களாம். தக்காளியை அழுத்தி அழுத்திப் பார்த்து ஒதுக்குகிற கூட்டத்துக்குத் திடீரென்று மண்வாசனை வேண்டுமாம். அதற்காகத் தன் வயலின் மேல்மண்ணைச் சுரண்டி லாரி லாரியாக அனுப்பினான் ஒருவன். கீரைக்காரரின் மகன். வெள்ளைச்சட்டை என்றால்தான் உங்களுக்குப் புரியும்.

கீரைக்காரர் இருந்த காலத்தில் ராத்திரி லாரியில் கீரைக்கட்டு மேலேயே உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போவார். வழியில் மகன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பேத்திக்கு ஒரு கட்டுக் கொத்தமல்லி கொடுப்பார். வாசலோடு சரி. மாடிக்கு விடமாட்டான் மகன். காலெல்லாம் சேறாம், டைல்ஸ் கறையாகிவிடுமாம். அவனைப் படிக்கவைத்ததே அந்தச் சேறுதான். அதைச் சொல்ல அந்த வீட்டில் ஒருவருக்கும் வாய் இல்லை.

சாகும்போது அவர் கேட்டது ஒன்றுதான், என்னை வயலிலேயே புதைத்துவிடு என்று. மோட்டார் ரூமை ஒட்டிப் புதைத்தார்கள். மண் எடுக்கும்முன் அப்பாவின் எலும்பை வேறு இடத்தில் வைத்துவிடுகிறேன் என்று தங்கையிடம் சத்தியம் செய்தான் இந்த உத்தமன். பொக்லைன்காரன் அந்த இடம் வந்ததும் நிறுத்தி, இதை மட்டும் விட்டுவிடவா என்று கேட்டிருக்கிறான். அதற்கு வெள்ளைச்சட்டை சொன்ன பதில்:

"எலும்பும் உரந்தான்யா. அள்ளிப் போடு."

தூ.

அந்த மண்தான் அன்றைய லோடு. டிரைவர் வழியில் வேறு எவனுக்காவது கொட்டிவிடுவான் என்று சந்தேகப்பட்டு, வெள்ளைச்சட்டையே கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டான். ஊரில் எல்லோரும் தன்னை மாதிரியே என்று நினைப்பு.

ஒற்றை ரோடு முடிந்து நகரத்துக்குள் வந்தாகிவிட்டது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. ஒரு திருப்பம்... கேபின் கூரையில், டம். ஒரே தட்டு.

லோடு மேல் உட்கார்ந்து வருகிறவர்கள் இறங்கணும் என்றால் ஒரு தட்டு தட்டுவார்கள். போகலாம் என்றால் இரண்டு. டிரைவரின் கால் பழக்கத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது... மேலே யாரும் ஏறவே இல்லையே.

இறங்கிப் பார்த்தான். தார்ப்பாய் கட்டியது கட்டியபடி. கயிற்று முடிச்சு அப்படியே. ஆனால் கொத்தமல்லி வாசனை... அப்போதுதான் பிடுங்கி, வேரில் ஈரம் சொட்டுமே, அந்த வாசனை. வெள்ளைச்சட்டை தலையை வெளியே நீட்டி, படிக்காத பயல்களுக்கு எல்லாமே பேய்தான் என்று சிரித்தானாம். கல் உருண்டிருக்கும், வண்டியை எடு என்றானாம்.

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். பின்பக்கம் மெல்ல ஆடியது. ஒரு ஆள் இறங்கினால் அந்த வண்டி ஆடாது. ஆடியது. பிறகு வெளியே தகரத்தில்... டம், டம்.

அப்போதுதான் வெள்ளைச்சட்டைக்குச் சிரிப்பு நின்றது. வண்டி நின்றிருந்தது அவன் வீட்டு வாசலில். மூன்றாவது மாடியில், பிள்ளை படுக்கிற அறையில் விளக்கு எரிந்தது.

படியில் விழுந்து எழுந்து ஓடினான். டிரைவரும் பின்னாலேயே ஓடினான். கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். பெண்டாட்டி தூக்கக் கலக்கத்தில் வந்து திறந்து, யாரும் வரவில்லையே என்றாள். தரையில் ஒரு பொட்டு மண் இல்லை. டைல்ஸ் பளபளவென்று இருந்தது. பிள்ளை மட்டும் கட்டிலில் விழித்து உட்கார்ந்திருந்தது. ஐந்து வயசு. வெளியே போகிற சட்டை, காலில் செருப்பு. அறை முழுக்கக் கொத்தமல்லி வாசனை.

"தாத்தா என்னைக் கூப்பிட்டாரு. இருட்டா இருக்கு, விடிஞ்சதும் வரேன்னு சொல்லிட்டேன்."

பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு காய்ச்சல்கூட இல்லை.

டிரைவர் போன வாரம் அந்தப் பக்கம் போனபோது அண்ணாந்து பார்த்திருக்கிறான். மூன்றாவது மாடியில் ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி, ஓரமெல்லாம் டேப். வீட்டில் கடிகாரம் கிடையாதாம். பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதில்லையாம். வெள்ளைச்சட்டை வேலைக்கும் போகாமல் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறானாம். பெரிய தைரியசாலி. பிள்ளை தூங்கி எழும்போதெல்லாம் கேட்கிறதாம்...

"விடிஞ்சிடுச்சாப்பா?"

"இன்னும் இல்லம்மா. தூங்கு."